சிகிச்சை என்னும் சொல்லின் சரித்திரம்

ஒரு சமுதாயத்திலே வழங்கும் சொற்கள் அச்சமுதாயத்தின் உறவுகளையும் தாங்கி நிற்பன. குடிமை, அடிமை, கூலி முதலிய சொற்களின் வரலாற்றை ஆராயப் புகுவோர் நிலவுடைமையின் வரலாற்றையும் உடன் ஆராயவேண்டியவராகின்றனர். அரசியற் சொற்களையும் சமயச் சொற்களையும் இவ்வாறு ஐயத்துடன் நோக்கப் பழகிக்கொண்ட நாம், வைத்தியத்துறைச் சொற்களை மாத்திரம் ஐயமின்றி ஏற்றுக்கொள்கின்றோம். காய்ச்சல் என்ற சொல்லும் எலும்பு முறிவு என்ற சொல்லும் தோட்டத்துரையின் வாயிலும் தோட்டத்தொழிலாளியின் வாயிலும் ஒரே பொருளைத் தருவதாற் போலும், விஞ்ஞானத்தின் சொற்கள் யாவும் சார்பற்றவை என்ற நம்பிக்கை நம்மிடையே வேரூன்றியிருக்கின்றது. இந்நம்பிக்கை எத்துணை ஆபத்தானது என்பதைக் காட்டுவதற்கு ஒரு சொல்லின் சரித்திரம் போதுமானது. அச்சொல் சிகிச்சை என்பது.

ஆங்கிலத்திலே 'கொன்வேர்சன் தெரப்பி' என வழங்கும் தொடரொன்று உண்டு. தன் பாலினரிடத்து ஈர்ப்புக்கொண்டோரை எதிர்ப்பாலினரிடத்து ஈர்ப்புக் கொள்வோராக மாற்றவும், பிறப்பின்போது தமக்குக் குறிக்கப்பட்ட பாலினத்தைத் தமதென ஏற்காதோரை ஏற்கச் செய்யவும் மேற்கொள்ளப்பட்ட முயற்சிகள் அனைத்துக்கும் அது பொதுப்பெயர். இத்தொடரின் முதற்பகுதியாகிய 'கொன்வேர்சன்' என்பது சமயத்துறைக்கு உரியது. ஒருவன் தன் பழைய நம்பிக்கையைக் கைவிட்டு வேறொரு சமயத்திற் புகுவதைக் குறிப்பது. இரண்டாம் பகுதி வைத்தியத்துறைக்கு உரியது. தேவாலயமும் வைத்தியசாலையும் ஒரு பெயருக்குள்ளே கைகோத்து நிற்பதை ஈண்டுக் காண்கின்றோம்.

சிகிச்சை என்று கூறியவுடன் மூன்று முடிவுகள் கூறாமலே ஏற்கப்பட்டுவிடுகின்றன. நோய் ஒன்று உண்டு என்பது ஒன்று. அந்நோயை உடையவர் நோயாளி, ஆதலின் அவருடைய சொல் நோயின் குறியாகவே கொள்ளப்படும் என்பது மற்றொன்று. நோயை அறிந்தவரும் தீர்க்க வல்லவரும் வேறொருவர் என்பது மூன்றாவது. வழக்கு விசாரணைக்கு வருமுன்னரே தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகின்றது. ஏறத்தாழ நூற்று முப்பது ஆண்டுகளாக இம்முயற்சி தன் பெயரைப் பன்முறை மாற்றிக்கொண்டபோதிலும் இம்மூன்று முடிவுகளையும் கைவிடவில்லை. அப்பெயர் மாற்றங்கள் நிகழ்ந்த முறையைக் காலவரிசையில் நோக்குதல் பயனுடைத்து.

நோயின் பெயரிலிருந்தே தொடங்கவேண்டும். 'ஹோமோசெக்சுவல்' என்ற சொல்லை ஆக்கியவர் வைத்தியர் அல்லர். கார்ள் மரியா கேர்ட்பெனி என்ற எழுத்தாளர், ஆணுக்கும் ஆணுக்கும் இடையிலான உறவைத் தண்டித்த பிரஷ்யச் சட்டப் பிரிவை எதிர்த்து 1869இல் எழுதிய துண்டுப்பிரசுரத்திலே இச்சொல் முதன்முதலாக அச்சேறிற்று. கிரேக்கச் சொல்லையும் இலத்தீன் சொல்லையும் கலந்து ஆக்கிய இச்சொல்லால், வசைமொழிகளுக்குப் பதிலாகப் பழிப்பற்ற பெயரொன்றை அவர் தர முயன்றார். அவருடைய வாதம் ஏற்கப்படவில்லை. 1871இல் அமைந்த ஜேர்மன் பேரரசு அச்சட்டத்தை 175ஆம் பிரிவாகத் தன் தண்டனைக் கோவையிலே சேர்த்துக்கொண்டது. ஆனால், அவர் ஆக்கிய சொல் உளமருத்துவரின் கைக்கு மாறிற்று. ஒஸ்திரிய உளமருத்துவரான கிராப்ட்-எபிங் 1886இல் வெளியிட்டுப் பன்முறை விரித்தெழுதிய பாலியல் நோய்க்கோவையே ஐரோப்பிய வைத்தியரிடையே அச்சொல்லைப் பரப்பிற்று. விடுதலைக்காக ஆக்கப்பட்ட சொல் இருபது ஆண்டுகளுக்குள் நோயின் பெயராயிற்று. சட்டம் குற்றவாளி என்றது. வைத்தியம் நோயாளி என்றது. இரண்டாவது பெயர் முதலாவதைவிட இரக்கமுடையது என்று அக்காலத்து நல்லோர் பலர் நம்பினர். அந்நம்பிக்கையே பின்வந்த கொடுமைகளுக்கு வாயில் திறந்தது எனலாம்.

நோய் உண்டாயின் மருந்தும் வேண்டுமல்லவா? 1889இல் பாரிஸ் நகரிலே கூடிய மனோவசிய மகாநாட்டில் ஜேர்மன் வைத்தியர் ஷ்ரெங்க்-நொற்சிங், 45 தடவை மனோவசியத்துக்கு உட்படுத்தி ஒருவரைத் தாம் மாற்றிவிட்டதாக அறிவித்தார். முதலாம் உலகயுத்த காலத்திலே வியன்னாவின் உடற்றொழிலியலாளர் ஸ்டைனக்கின் கொள்கையைப் பின்பற்றி, பிற ஆடவரின் விதைகளை அறுத்து ஒட்டும் சத்திரசிகிச்சைகள் நடைபெற்றன. மனத்திலே நோய் என்ற காலத்தில் மனோவசியமும், சுரப்பியிலே நோய் என்ற காலத்திற் கத்தியும் மருந்தாயின. அவ்வக்காலத்தில் மதிப்புப் பெற்றிருந்த விஞ்ஞானம் எதுவோ அதன் சொற்களை இம்முயற்சி இரவலாகப் பெற்றுக்கொண்டது.

இக்காலத்திலேயே மாற்றுக்குரல்களும் எழுந்தன. 1919இல் பேர்ளினிலே பாலியல் ஆய்வு நிலையத்தை நிறுவிய மக்னஸ் ஹிர்ஷ்பெல்ட், மாறவேண்டியது மனிதனன்று, அவன் தன் இயல்போடு வாழக் கற்கவே வைத்தியர் துணை நிற்கவேண்டும் என்றார். 1935இல் சிக்மண்ட் பிராய்ட், தம் மகன் பற்றிக் கவலையுற்று எழுதிய அமெரிக்கத் தாயொருவருக்கு, இது வெட்கத்துக்குரியதன்று, நோயென வகுக்கத்தக்கதுமன்று என்ற கருத்துப்பட மறுமொழி எழுதினார். ஆயின், ஹிர்ஷ்பெல்டின் நிலையம் 1933 மே மாதத்திலே நாஜிகளாற் சூறையாடப்பட்டு, அதன் நூல்கள் தெருவிலே எரிக்கப்பட்டன. 1944இல் புக்கென்வால்ட் வதைமுகாமிலே டென்மார்க் நாட்டு வைத்தியர் கார்ள் வேர்னெற் கைதிகளின் உடலிலே ஓமோன் சுரக்கும் செயற்கைச் சுரப்பிகளைப் பதித்தார். மின்கலத்தின் துருவங்களை மாற்றுதல் என்ற பொருளுடைய சொல்லொன்று ஜேர்மன் பேச்சுவழக்கில் இத்தகைய மாற்றத்துக்கு வழங்குகின்றது. மனிதன் இயந்திரமாகக் கருதப்படுவதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. யுத்தத்தின் பின் வேர்னெற் ஆர்ஜென்டினாவுக்குத் தப்பிச் சென்று, நீதிமன்றத்தின் முன் நிற்காமலே 1965இல் இறந்தார்.

இவை பாசிசத்தின் செயல்கள், ஜனநாயக நாடுகளில் இவ்வாறு நிகழவில்லை என்று கூறுவோர் இங்கிலாந்தை நோக்குதல் வேண்டும். நாஜிகளின் இரகசியச் சங்கேத மொழியை உடைக்க உதவியவரும் கணினி விஞ்ஞானத்தின் முன்னோடிகளுள் ஒருவருமான அலன் டியூரிங், 1952இல் ஓர் ஆணோடு கொண்டிருந்த உறவுக்காகக் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டார். சிறைக்குச் செல்லாதிருக்க அவர் ஏற்றுக்கொண்ட நிபந்தனை, தகுதிபெற்ற வைத்தியரின் சிகிச்சைக்கு உட்படுதல். ஓராண்டுக் காலம் பெண்மை ஓமோன் அவருடைய உடலிற் செலுத்தப்பட்டது. 1954இல் சயனைட் நஞ்சினால் இறந்தபோது அவருக்கு வயது 41. நீதிபதியின் தண்டனையை நிறைவேற்றியவர் வைத்தியர். நீதிமன்ற ஏட்டிலே அத்தண்டனையின் பெயர் சிகிச்சை. பிரித்தானியப் பிரதமர் 2009இல் மன்னிப்புக் கோரினார்; 2013இல் அரச மன்னிப்பும் வழங்கப்பட்டது.

1950களிலும் 1960களிலும் 'வெறுப்பூட்டற் சிகிச்சை' என்ற பெயர் வழக்குக்கு வந்தது. ஆடவர் படங்களைக் காட்டி மின்னதிர்ச்சி கொடுத்தலும், வாந்தி வருவிக்கும் மருந்தை ஊசியேற்றுதலும் அதன் முறைகள். 1962இல் இங்கிலாந்தின் நெட்லி இராணுவ வைத்தியசாலையிலே இம்மருந்தின் விளைவாக இளம் அதிகாரியொருவர் இறந்தார். அவருடைய மரணம் இயற்கையான காரணத்தால் நேர்ந்ததென்று பதிவுசெய்யப்பட்டது. அவருடைய விருப்பம் இயற்கைக்கு மாறானது என்றவர்களே அவருடைய சாவை இயற்கையானது என்றனர். சொல்லின் அதிகாரம் யார் கையில் இருந்தது என்பதை விளக்க வேறு உரை வேண்டியதில்லை.

இவ்வதிகாரம் ஆட்டங்கண்டது எவ்வாறு? ஆய்வு ஒரு காரணம். அமெரிக்க உளவியலாளர் எவலின் ஹூக்கர் 1957இல் வெளியிட்ட ஆய்விலே, தன்பாலீர்ப்பாளரின் உளச்சோதனை முடிவுகளை ஏனையோரின் முடிவுகளிலிருந்து தேர்ந்த நிபுணராலும் பிரித்தறிய இயலவில்லை என்று காட்டினார். சிகிச்சைக்கென வருவோரையும் சிறையிலிருப்போரையும் மாத்திரம் கண்டு எழுதப்பட்ட முன்னைய நூல்களின் அடிப்படை இதனாற் கேள்விக்குள்ளாயிற்று. எனினும், ஆய்வுக் கட்டுரை மாத்திரம் அதிகாரத்தை அசைப்பதில்லை. 1970இல் சான்பிரான்சிஸ்கோவிலே அமெரிக்க உளமருத்துவர் சங்கம் கூடியபோது, வெறுப்பூட்டற் சிகிச்சை பற்றிய ஆய்வுரை நடந்துகொண்டிருந்த மண்டபத்தினுள்ளே போராட்டக்காரர் புகுந்தனர். மேடையிலிருந்தோர் சிகிச்சை என்றதை அவர்கள் சித்திரவதை என்று உரக்கக் கூறினர். அதுகாறும் நோயாளியாகப் பேசப்பட்டவர் பேசுபவராக மாறிய தருணங்களுள் அது ஒன்று. 1972இல் டலஸ் நகரக் கூட்டத்திலே உளமருத்துவர் ஜோன் பிரையர் முகமூடி அணிந்து, குரலை உருமாற்றும் ஒலிவாங்கியினூடாக, தாமும் ஒரு தன்பாலீர்ப்பாளரே என்று தம் சகாக்களுக்கு எடுத்துரைத்தார். நோயாளியும் வைத்தியரும் ஒருவரேயானபோது பழைய இலக்கணம் குலைந்தது. 1973 டிசம்பரில் அச்சங்கம் தன் நோய்ப்பட்டியலிலிருந்து தன்பாலீர்ப்பை நீக்கியது. அதனை எதிர்த்தோர் கோரியபடி 1974இல் எடுக்கப்பட்ட வாக்கெடுப்பிலே 58 சதவீதத்தினர் அம்முடிவை ஆதரித்தனர்.

பழைய பெயர் நீங்கியது. பழைய பொருள் வேறு பெயர் தேடிற்று. 1980இல் வெளிவந்த பட்டியலின் மூன்றாம் பதிப்பிலே, தன் ஈர்ப்பைத் தானே விரும்பாதவருக்கென ஒரு நோய் வகுக்கப்பட்டது. சமுதாயம் ஒருவனைப் பிள்ளைப்பருவம் தொட்டு இகழ்கின்றது. அவ்விகழ்ச்சியை அவன் தன் உள்ளத்திலே ஏற்றுத் தன்னை வெறுக்கின்றான். அவ்வெறுப்பு அவனுடைய நோயெனப் பதிவாகின்றது. சாதிக்கொடுமையால் தலைகுனிந்து நடப்பவனை முதுகெலும்பு வைத்தியரிடம் அனுப்புவது போன்றது இது. விரும்பி வருவோருக்கே சிகிச்சை அளிக்கின்றோம் என்ற வாதம் இன்றும் கேட்கின்றது. அவ்விருப்பம் எங்கே, எவரால் உற்பத்தியாக்கப்பட்டது என்ற கேள்வியை அவ்வாதம் எழுப்புவதில்லை. 1987இல் அந்நோய்ப்பெயரும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. 1990 மே 17இல் உலக சுகாதார தாபனம் தன் நோய் வகைப்பாட்டிலிருந்து தன்பாலீர்ப்பை நீக்க முடிவெடுத்தது.

உளமருத்துவத்தின் பெரும்பகுதி விலகிக்கொண்டபின் வெற்றிடத்தை நிரப்பியோர் சமயச் சார்புடைய இயக்கத்தினர். 1976இல் அமெரிக்காவிலே தோன்றிய எக்சோடஸ் என்ற அமைப்பின் அகராதியிலே உடைந்த நிலை, குணமடைதல், போராட்டம் என்பன முதன்மைச் சொற்களாயின. எக்சோடஸ் என்பதே அடிமைத்தளையிலிருந்து வெளியேறுதலைக் குறிக்கும் விவிலியப் பெயர். ஒடுக்குவோர் விடுதலையின் மொழியை எவ்வளவு எளிதாகக் கையாள்கின்றனர் என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது. 1991இல் ஜோசப் நிக்கொலோசி 'ரிப்பரேட்டிவ் தெரப்பி', அதாவது பழுதுநீக்கற் சிகிச்சை, என்ற பெயரிலே நூல் வெளியிட்டார். பழுது என்ற சொல் நோய் என்ற சொல்லின் வேலையைச் செய்தது. 1973இன் மாற்றத்துக்கு முன்னின்று உழைத்த உளமருத்துவர் ரொபேட் ஸ்பிற்சர், இருநூறு பேரைத் தொலைபேசியிலே விசாரித்து, சிலர் மாறக்கூடும் என்று 2001இற் கூறி 2003இல் அதனை வெளியிட்டார். மாறிவிட்டேன் என்று கூறுவோர் உண்மையில் மாறினரா என்பதை அறிய அவ்வாய்வில் வழியிருக்கவில்லை. 2012இல் அவரே தம் முடிவு தவறென்று ஏற்று மன்னிப்புக் கோரினார். எக்சோடஸ் அமைப்பும் 2013இல், தான் விளைத்த துன்பத்துக்கு அதன் தலைவர் மன்னிப்புக் கோரியபின், கலைக்கப்பட்டது.

அதன் பின்னரும் பெயர்மாற்றம் ஓயவில்லை. 2016இல் அமெரிக்காவில் இச்செயலில் ஈடுபட்டோரின் சங்கமொன்று, ஈர்ப்பின் நெகிழ்ச்சியை ஆராய்தல் என்ற பொருள்பட ஒரு நீண்ட பெயரைத் தெரிந்தெடுத்தது. அப்பெயரின் முதலெழுத்துக்களைக் கூட்டினால் ஆங்கிலத்திற் பாதுகாப்பு என்ற சொல்லின் ஒலி எழும். மாற்றுதல் என்பது மறைந்து ஆராய்தல் வந்தது. சிகிச்சை பின்னுக்குச் சென்று பாதுகாப்பு முன்னுக்கு வந்தது. பண்டம் பழையதே. சுட்டி மாத்திரம் புதியது.

இவ்வரலாற்றை முதலாளித்துவ நாடுகளின் வரலாறாக மாத்திரம் கூறி முடிப்பது நேர்மையாகாது. அக்டோபர் புரட்சியின் பின் 1922இல் இயற்றப்பட்ட ருஷ்யத் தண்டனைக் கோவையிலே ஆண்களுக்கிடையிலான உறவு குற்றமாகச் சேர்க்கப்படவில்லை. 1934இல் அது மீண்டும் குற்றமாக்கப்பட்டது. பாசிசத்தின் சீரழிவு என்ற விளக்கமும் அதற்குத் தரப்பட்டது. நாஜிகள் அதே மனிதரை வதைமுகாம்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்த தசாப்தம் அது. கியூபாவிலே 1965 முதல் 1968 வரை, சமயப் பற்றாளரோடு தன்பாலீர்ப்பாளரும் கட்டாய உழைப்பு முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். உற்பத்திக்கு உதவும் இராணுவ அலகுகள் என்பது அம்முகாம்களின் பெயர். உழைப்பு மனிதனைத் திருத்தும் என்ற கொள்கை அங்கே சிகிச்சையின் இடத்தைப் பெற்றது. 2010இல் பிடல் காஸ்ட்ரோ மெக்சிக்கோப் பத்திரிகையொன்றுக்கு அளித்த பேட்டியிலே அவ்வநீதிக்கான பொறுப்பைத் தாமே ஏற்றார். உழைக்கும் மக்களின் பெயராற் பேசுவோர் இதனை மறைப்பாராயின், பிறருடைய சொற்களை ஆராயும் தகுதியை இழந்துவிடுவர்.

அண்மைக்காலத்திலே நிகழ்ந்துள்ள மாற்றம் முன்னைய பெயர்மாற்றங்களின் திசைக்கு நேரெதிரானது. 2009இல் அமெரிக்க உளவியற் சங்கத்தின் ஆய்வுக்குழு, ஈர்ப்பை மாற்றலாம் என்பதற்குப் போதிய சான்றில்லை என்று முடிவுசெய்தபோது, சிகிச்சை என்ற சொல்லைத் தவிர்த்து 'மாற்றும் முயற்சிகள்' என்ற தொடரைக் கையாண்டது. 2016இல் மோல்ற்றா இச்செயலைத் தடைசெய்தது. 2021இல் அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் இயற்றிய சட்டத்தின் தலைப்பிலே சிகிச்சை என்ற சொல் இல்லை. மாற்றுதலும் அடக்குதலும் ஆகிய நடைமுறைகளைத் தடைசெய்யும் சட்டம் என்றே அது பெயர் பெற்றது. நியூசிலாந்தின் 2022ஆம் ஆண்டுச் சட்டமும் நடைமுறை என்றே கூறுகின்றது. இந்நடைமுறைகளுக்கு உள்ளானோர் தம்மை நோயாளிகள் என்று அழைப்பதில்லை. உயிர்தப்பியோர் என்று அழைக்கின்றனர். கப்பல் உடைந்தபோது கரைசேர்ந்தோருக்கும் போரிலே எஞ்சியோருக்கும் வழங்கும் சொல் அது. அச்சொல்லுக்குள் ஒரு குற்றச்சாட்டு இருக்கின்றது.

தமிழுக்கும் இவ்வரலாற்றிலே பங்குண்டு. மதுரையிலிருந்து சென்னைக்குச் சென்று அடைக்கலம் தேடிய இரு பெண்களின் வழக்கிலே, 2021 ஜூன் 7ஆம் திகதி சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், பாலீர்ப்பையோ பாலின அடையாளத்தையோ வைத்தியத்தால் மாற்ற முயல்வதற்குத் தடைவிதித்தார். மீறும் வைத்தியரின் உரிமம் பறிக்கப்படலாம் என்றும் கூறினார். தமிழ்ப் பத்திரிகைகள் இம்மக்களை எச்சொற்களாற் குறிக்கவேண்டும் என்ற வினாவும் அவ்வழக்கினூடே எழுந்தது; 2022 ஆகஸ்டிலே தமிழ்நாடு அரசு சொற்றொகுதியொன்றை அரசிதழில் வெளியிட்டது. சொல்லாராய்ச்சி நீதிமன்றத்தின் அலுவலாயிற்று என்பது தமிழ் கற்றோர் கவனிக்கத்தக்கது.

நம் மொழியிலே நெடுங்காலமாக வழங்கிவரும் 'ஓரினச்சேர்க்கை' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். சேர்க்கை என்பது செயலைக் குறிக்கும்; கெட்ட சேர்க்கை, கூடாச் சேர்க்கை என்ற வழக்குகளின் நிழலும் அதன்மேல் விழுகின்றது. சேர்க்கையாயின் விட்டுவிடலாம், விடாதவனை விடச்செய்யலாம். அச்சொல்லிலேயே சிகிச்சைக்கான வாயில் திறந்திருக்கின்றது. 'தன்பாலீர்ப்பு' என்பது உள்ளத்தின் நாட்டத்தைக் குறிக்கின்றது. அதனைக் கூறுபவர் ஒரு மனிதரைப் பற்றிப் பேசுகின்றார். 'கொன்வேர்சன் தெரப்பி' என்பதை மாற்றுச் சிகிச்சை எனத் தமிழாக்குவோர் மேலுமொரு குழப்பத்தை விளைக்கின்றனர். மாற்றுச் சிகிச்சை என்றதும் ஆயுர்வேதமும் சித்தவைத்தியமுமே வாசகர் நினைவுக்கு வரும். அதனினும் பெரிய பிழை, மறுக்கப்பட்ட ஒரு பொய்யை நாமே நம் மொழியிலே மீண்டும் சிகிச்சையாக்குதல். 'கட்டாய மாற்று முயற்சி' என்றோ, 'பாலீர்ப்பு மாற்றும் நடைமுறை' என்றோ கூறுவது பொருளுக்கு அண்மையானது.

இலங்கையிலும் சட்டமொழியின் வரலாறு இதனோடு தொடர்புடையது. 1883ஆம் ஆண்டு குடியேற்ற ஆட்சியினர் இயற்றிய தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம் பிரிவிலே இயற்கை ஒழுங்குக்கு மாறான என்ற தொடர் இடம்பெற்றது. நமது முன்னோர் ஆக்கிய தொடரன்று அது. இலண்டனிலிருந்து இந்தியாவழி வந்தது. அத்தகைய உறவுகளைக் குற்றமற்றவையாக்கும் மசோதா அரசியலமைப்புக்கு முரணானதன்று என 2023 மே மாதத்தில் இந்நாட்டு உயர்நீதிமன்றம் தீர்மானித்தது. இறக்குமதியான ஒரு தொடரை நம் பண்பாடு என்று கூறிப் பேணுவோர் அதன் பிறப்பிடத்தை அறிதல் நன்று. இங்கிலாந்து தன் மண்ணிலே 1967இல் அச்சட்டத்தின் பிடியைத் தளர்த்தத் தொடங்கிவிட்டது.

ஆசிரியரும் மாணவரும் இவ்வரலாற்றை அறிவதால் என்ன பயன் என்று வினவலாம். பாடசாலை மாணவனொருவனை வைத்தியரிடமோ, சமயகுருவிடமோ, பூசாரியிடமோ அழைத்துச்செல்ல வேண்டும் என்ற பேச்சு முதலிலே எழுவது வீட்டிலும் ஆசிரியர் ஓய்வறையிலுமே. 'இவனைத் திருத்தவேண்டும்', 'இவளுக்கு ஏதோ கோளாறு' என்ற எளிய வாக்கியங்களிலே அது தொடங்குகின்றது. பாரிஸ் மகாநாட்டிலிருந்து நெட்லி வைத்தியசாலை வரை நாம் கண்ட நிகழ்ச்சிகளுக்கும் இவ்வாக்கியங்களே முதற்படி. அவ்வாக்கியம் நம் முன்னிலையிலே கூறப்படும்போது, என்ன நோய் என்றும், யார் கூறினார் என்றும், அப்பிள்ளையைக் கேட்டீர்களா என்றும் மூன்று வினாக்களை எழுப்ப நம்மால் இயலும். 1970இல் அம்மண்டபத்தினுள்ளே புகுந்தோர் எழுப்பிய வினாக்களும் இவையே. அவற்றை எழுப்புவதற்கு வைத்தியப் பட்டம் வேண்டியதில்லை.